கழுவாதே என்று நான்தான் சொன்னேன்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கழிவு நீருக்குக் கிடைக்கிற மரியாதை என் அக்கா குடித்த தண்ணீருக்குக் கிடைத்ததே இல்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உயரட்டும்.

புக்கிட் பெருந்துங்கில் ஒரு மீ நூடுல்ஸ் தொழிற்சாலை. மாவு கழுவிய தண்ணீர், எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீர், தரை கழுவிய தண்ணீர் எல்லாம் பின்னால் இருக்கும் மூன்று குளங்களுக்குப் போகும். முதல் குளத்தில் நாற்றம், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் பாசி. தினமும் காலை எட்டரை மணிக்கு அந்த மூன்றாவது குளத்தில் பாட்டில் விட்டுத் தண்ணீர் எடுத்து, நிறம் என்ன, புளிப்பு எவ்வளவு, உயிர்வாயு எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு முறை அந்தக் குளம் ஒரே வாரத்தில் கெட்டிப் பச்சையாகிவிட்டது. மூன்று மேனேஜர்கள் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கழுத்துப் பட்டையோடு ஓடி வந்து கரையில் நின்றார்கள். சாக்கடைத் தண்ணீர் பச்சையானதற்கு மூன்று மேனேஜர்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் எனக்குத் தாடை வலித்தது. அதே காலையில் அதே நிறத்துத் தண்ணீரை என் அக்கா துணியில் வடிகட்டி அடுப்பில் வைத்திருப்பாள்.

அக்கா இருந்தது கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு தோட்டத்தில். பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரே வரிசை லயம். நான் பிறந்ததும் அங்கேதான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. உரம் போடுவாள், புல் வெட்டுவாள், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒன்னய வளக்குறதே போதும்லா, இதுல இன்னொரு ஆளா?" என்பாள்.

லயத்துக்குத் தண்ணீர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு குளத்திலிருந்து வந்தது. செம்பனைக்குப் போடுகிற உரம் மழையில் கரைந்து அந்தக் குளத்தில்தான் சேரும். டீசல் பம்பு அதை இழுத்து, லயத்துக் கடைசியில் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் கொட்டும். வீட்டுக் குழாய்களில் ஏறுவதற்குப் பம்பு வேகம் போதாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், எல்லாரும் தொட்டியடிக்குப் போய்த்தான் குளிக்கவும் துவைக்கவும் குடம் நிரப்பவும் வேண்டும். சுத்தம் செய்த பைப்புத் தண்ணீர் மெயின் ரோடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து லயம் வரை இருப்பது தோட்டத்து நிலம். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் அரசாங்கம் போட வேண்டும் என்றார்கள். அரசாங்க அலுவலகத்தைக் கேட்டால் நிர்வாகம் போட வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கை காட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. அந்தப் பைப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவள் அடுப்படியில் சேர்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பாசியைப் பற்றி எனக்குச் சொன்னவள் தொழிற்சாலையின் கெமிஸ்ட், என்னைவிடப் பத்து வயது சின்னச் சீனப் பெண். வெளிச்சம், ஈரம், கொஞ்சம் எரு, இந்த மூன்றும் இருந்தால் போதும், பாசி இடம் பார்க்காது என்றாள். நான் நம்பவில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தொழிற்சாலையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனாள். ஏர்கோன் தண்ணீர் சொட்டும் மூலையில் வழவழவென்று கரும்பச்சை. கேன்டீனுக்குப் பின்னால் சுவரில் செங்கல் நிறத்தில் ஒரு படலம். அது துரு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். மஞ்சள் சிவப்பாக நூல் நூலாகத் தெரிந்தது. அதுவும் பச்சைப் பாசியின் சொந்தக்காரன்தான், வெயில் தாங்குவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. செம்பனை மரத்து அடியில், சிறு வயதில் முதுகு சாய்த்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டுமே அந்த ஆரஞ்சுப் பொடி, அது பாசி. கோயில் படிக்கட்டின் நிழல் பக்கம் பாசி. பழைய காரின் கண்ணாடி ரப்பரில் பாசி. தஞ்சோங் காராங் பக்கம் வயல் வாய்க்காலில், தண்ணீருக்கு மேல் கிழிந்த பச்சைப் பாய் மாதிரி மிதப்பதும் பாசி. சில இடத்தில் அது அழகாகவும் இருக்கும். எங்கள் தொட்டியில் மட்டும் எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

நான் மூன்று கடிதம் எழுதினேன். மலாயில், தட்டச்சு செய்து, பன்னிரண்டு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி, லீவு போட்டுக் கோலா சிலாங்கூருக்குப் போய் அந்த அரசாங்க அலுவலகத்துக் கவுண்டரில் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு முத்திரை குத்தி நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை கோபத்தில் பஸ் ஏறப் பிடிக்காமல் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். தண்ணீர் வற்றியிருந்த நேரம். சேறு வெயிலில் பளபளத்தது, மேலே பழுப்பும் பச்சையுமாய் மெல்லிய தோல் போர்த்தியிருந்தது. கரையில் மீன் விற்ற மலாய்க்கார அம்மாவிடம், இவ்வளவு பாசி பிடித்துக் கிடக்கிறதே, ஒருவரும் கவனிப்பதில்லையா என்று சிடுசிடுத்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அதைத் தின்றுதான் நத்தையும் சிப்பியும் வளர்கிறது, அது இல்லையென்றால் எனக்குப் பிழைப்பு ஏது என்றார். அங்கே அது சோறு. எங்கள் தொட்டியில் அது அடுத்தவன் உரம். பாசியின் மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாலாவது மாதம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஓர் அதிகாரி வந்து தண்ணீரைப் பார்ப்பார், மாதிரி எடுப்பார் என்றார்கள். உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. லயத்துக்கு யாராவது பெரிய ஆள் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும். இரண்டு நாளைக்கு முன்னாலேயே சாக்கடையை வாருவார்கள், வாசலைக் கழுவுவார்கள், பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். லயம் அழுக்காகக் கிடந்தால் அந்தக் காலத்தில் துரை வேலையை விட்டே நிறுத்திவிடுவாராம். துரை போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் முதுகெலும்பில் மட்டும் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. உள்ளேயும் வெளியேயும் தேய்த்துத் தேய்த்து வெள்ளை வெளேரென்று நின்றது. தொட்டியடித் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் தென்னை நாரும் பிளீச்சிங் பவுடருமாகக் குந்தியிருந்து சுரண்டியிருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, வீட்டு வீட்டுக்குப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கோப்பி கலக்கி வைத்து, உளுந்து வடையும் சுட்டு வைத்திருந்தாள்.

"பாத்தியா பாப்பா? எப்பிடி இருக்கு?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது. இளவயது மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். கூடவே தோட்டத்துக் கிராணியும் வந்தார். அவர் எங்கள் ஆள்தான், ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அதிகாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடி சிமெண்டு தெரிந்தது. மிகச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று மலாயில் பாராட்டினார். பெண்கள் எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். இது மழைத் தண்ணீர், எங்கள் தண்ணீர் பச்சையாக இருக்கும் என்று நான் கத்தினேன். தொட்டித் தண்ணீரை நான் அளந்து எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார். கண்ணால் பார்ப்பதைத்தான் எழுத முடியும் என்றார். அப்படியானால் குளத்தைப் பாருங்கள் என்றேன். உடனே கிராணி முன்னால் வந்தார்.

"பம்பு வேலிச் சாவி மேனேஜர்கிட்ட இருக்குலா. மேனேஜர் லீவு."

அதிகாரி மழைத் தண்ணீரில் மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு வடை சாப்பிட்டார். போய்விட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது, தண்ணீர் திருப்தியாக இருக்கிறது என்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியைத் தேய்த்து மினுக்கி உடைத்தார்கள்.

அன்று கார் போன பிறகு நான் அக்காவிடம் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அன்றைக்கு அது தலைக்கு மேலே.

"ஒங்களுக்கெல்லாம் மண்டையில மூளை இருக்கா? என்னத்துக்குக்கா கழுவின?"

"வர்ற மனுசன் என்னா நெனப்பாரு? இதுங்க பாசியில பொரளுற சாதின்னு எழுதிட்டுப் போவாரு. அது நல்லாருக்குமா?"

"அப்பிடி எழுதணும்னுதான்கா நான் நாலு மாசமா நாயா அலையறேன்!"

"நம்ம அழுக்க நாமளே ஊருக்குக் காட்டுறதா?"

"அது நம்ம அழுக்கு இல்லக்கா. அவன் ஒரம். அவன் கொளம். அவன் பம்பு."

அக்கா வடைத் தட்டைத் துணி போட்டு மூடினாள். அவளுக்குப் புரிந்ததா, என் கத்தலுக்குப் பயந்தாளா, எனக்கு அன்று அதைப் பார்க்க நேரமில்லை. பக்கத்து வீட்டு அண்ணி, மற்ற பெண்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன். நான் மறுபடி கடிதம் எழுதப் போகிறேன். அடுத்த ஆள் எப்போது வருவான் என்று தெரியாது, சொல்லாமலும் வருவான். அதுவரை தொட்டியையோ தொட்டியடியையோ ஒருத்தரும் கழுவக் கூடாது. ஒரு நார் கூடப் படக் கூடாது. பாசி எவ்வளவு வளருமோ வளரட்டும்.

"வழுக்கி விழுந்து வைக்கப் போறாங்க தங்கச்சி," என்றார் அண்ணி.

"பாத்து நடங்க," என்றேன்.

இரண்டு வார்த்தை. நான் சொன்னது அவ்வளவுதான்.

நான் படித்த பிள்ளை. தண்ணீர் அளக்கிறவள். என் பேச்சை லயத்தில் மதித்தார்கள். அக்கா எல்லாரையும்விட அதிகமாக மதித்தாள். ஒரு நாள் அண்ணி பொறுக்க முடியாமல் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம், பாப்பா சொல்லியிருக்கு என்று. வாழ்நாள் முழுவதும் விடிகாலையில் எழுந்து முதல் வேலையாகத் தொட்டியடியைத் தேய்த்துக் கழுவியவள் அவள். கை சும்மா இருக்காமல் தவித்திருப்பாள். போனில் சொல்லுவாள், "நல்லா வளந்திருக்கு பாப்பா. நீ சொன்ன மாதிரியே." நானும் மடச்சி, சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமைகளில் போய்ப் படம் எடுத்தேன். தொட்டியின் உள்சுவரில் நீளம் நீளமாகத் தலைமுடி மாதிரி தொங்கியது. வெளிச்சுவரில் வெல்வெட்டுப் படிந்தது. தரையில் இருந்ததுதான் மோசம். அது பச்சையாகக்கூடத் தெரியாது. ஈரச் சிமெண்டு நிறத்தில் கண்ணுக்குப் படாத ஒரு வழவழப்பு. சாக்கை விரித்துப் போட்டு அதன் மேல் நடந்தார்கள். மூன்று மாதம் இப்படிப் போனது. நான் இரண்டு கடிதம் எழுதினேன். முத்திரை வந்தது, ஆள் வரவில்லை.

அன்று காலை எட்டரைக்கு மூன்றாவது குளத்துக் கரையில் பாட்டிலோடு குனிந்திருந்தேன். போன் அடித்தது. அண்ணி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார், அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு, ஆறு மணிக்கு நிற்க வேண்டும். அதற்காக அக்கா ஐந்தரைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். சாக்கு நகர்ந்திருக்கிறது. வலது இடுப்பு. அரை மணி நேரம் அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். எழ முயன்ற ஒவ்வொரு முறையும் கை வழுக்கியிருக்கிறது. குடம் நிரப்ப வந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பில் இரும்பு வைத்துத் திருகினார்கள். கட்டிலில் கிடந்தவள் முகம் சுருங்கிச் சின்னதாகத் தெரிந்தது. முழங்கையில் பச்சைக் கறை இன்னும் இருந்தது. நர்ஸ் துடைத்தும் போகவில்லை. நான் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள், "விடு பாப்பா, தானா போவும்," என்றாள்.

அதற்குள் கிராணி வந்து ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார். தான்தான் கழுவாமல் விட்டுவிட்டதாக அக்கா சொல்லியிருக்கிறாள். குடியிருப்பவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டினேன்.

"கழுவாதேன்னு சொன்னது நான். அக்கா இல்ல. அத மாத்தி எழுதுங்க."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு பேரு கவனக்குறைவுன்னு எழுதவாக்கா?"

"கொளத்துல ஒரத்தக் கரைச்சி விட்டது யாரு கவனக்குறைவு? அத எந்தப் பாரத்துல எழுதுவீங்க?"

"அதுக்குப் பாரம் இல்லலா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இல்லை.

அக்கா விழுந்த மூன்றாம் நாள் லயத்துக்கு நாலு கார் வந்தது. ஆள் விழுந்த செய்தி யார் போனிலோ படமாக ஏறி ஊரெல்லாம் சுற்றியிருந்தது. போன முறை வந்த அதிகாரியே இந்த முறையும் வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். எங்கிருந்தோ வேலிச் சாவியும் கிடைத்தது, குளத்தையும் பார்த்தார்கள். மேனேஜர் கைகட்டி நின்றார். இத்தனை வருடம் கை காட்டிக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் ஒரே நாளில் கை குலுக்கிக்கொண்டது. எட்டு வாரத்தில் மெயின் ரோட்டிலிருந்து நீல நிறக் குழாய் மண்ணுக்குள் இறங்கி லயத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தனை கடிதம், நோட்டு நிறைய அளவு, எதற்கும் அசையாதவர்கள் ஒரு பெண்ணின் இடுப்பு முறிந்ததும் அசைந்தார்கள். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். குழாய் திறந்த அன்று மேனேஜர் ரிப்பன் கட்டியிருந்தார். நான் போகவில்லை. போயிருந்தால் கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன்.

அண்ணி போனில் கூப்பிட்டுச் சொன்னார், "ஒன்னாலதான் தங்கச்சி தண்ணி வந்துச்சு. எல்லாரும் ஒன்னயத்தான் சொல்றாங்க." நான் போனை வைத்துவிட்டு என் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா அடுத்த அறையில் நாலு கால் கம்பைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தாள். கம்பு தரையில் படும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. இனித் தோட்ட வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டார். லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். மாதக் கடைசிக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கிராணியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ரூல்ஸ் அப்பிடிக்கா, நான் என்னா செய்ய?" என்றார். வேறு என்ன சொல்லுவார். மேனேஜரைக் கேட்டால் கம்பெனி என்றார். கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கோலாலம்பூரில் ஒரு கட்டிடத்தின் பெயரைச் சொன்னார்.

சாமான் எடுக்கிற அன்று அக்காவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் லயத்தைப் பார்த்தாள். லோரிக்காரர் அலமாரியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கம்பை ஊன்றி ஊன்றி அடுப்படிக்குப் போனாள். புதுக் குழாய். திறந்தாள். தண்ணீர் ஒரே வீச்சாக வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் தெறித்தது, கண்ணாடி மாதிரி. உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

"மருந்து வாடை அடிக்குதே?"

"அது இருந்தாத்தான்கா பாசி வராது."

இன்னொரு வாய் குடித்தாள். பிறகு குழாயை இறுக மூடினாள். சொட்டு நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணியும் மற்றவர்களும் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. ஒவ்வொருவர் முதுகையும் தட்டிக் கொடுத்தாள். சாவியை நான்தான் கிராணியிடம் கொடுத்தேன்.

இரவல் வாங்கி ஓட்டி வந்த காரில் ஏறி மெயின் ரோட்டைத் தொட்டோம். எனக்குத் தாங்கவில்லை. ஆறு மாதமாக அதிகாரி மேல், மேனேஜர் மேல், கிராணி மேல், கோலாலம்பூர்க் கட்டிடத்தின் மேல் கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. ஒருத்தர் என் மேல் கத்தினால் தேவலை போலிருந்தது.

"ஏங்க்கா, என் மேல ஒனக்குக் கோவமே இல்லயா?"

"இல்லன்னு யாரு சொன்னா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவாதேன்னு நீ சொன்ன அன்னிலேருந்து இருக்கு. வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா அந்தத் தரையில நின்னவ நான். நீ பாட்டில்ல பாக்குற பாசிய நான் காலாலேயே பாத்தவ. ஒனக்கு மட்டுந்தான் கோவம் வரும்னு நெனச்சிக்கிட்டியா?"

"அப்ப ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"நீ எங்க பேச விட்ட?"

முன்னால் செம்பனை லோரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தவில்லை. அக்கா கம்பை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அந்த அரை மணி நேரம் தரையில் கிடந்தபோது என்ன நினைத்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ராவாங் தாண்டும்வரை பேசினாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.